மகள் தேர்ந்தெடுத்த பாடம்

காப்பார் கடலோரத்தில் மீன் வாங்கிக்கொண்டு, கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு பிரேத வண்டி போய்க்கொண்டிருந்தது. வெள்ளை வேன். பின்கண்ணாடியில் சாமந்தி மாலை ஒட்டிக்கொண்டு ஆடியது. முந்திப் போக இடமிருந்தும் எனக்கு மனம் வரவில்லை. மெதுவாகப் பின்னாலேயே ஓட்டினேன்.

பின்சீட்டிலிருந்த என் பத்து வயது மகள் கேட்டாள்.

"அம்மா, அந்த வண்டிக்குள்ள இருக்கறவங்களோட தலை நம்ம பக்கமா இருக்குமா, காலு நம்ம பக்கமா இருக்குமா?"

"தெரியலம்மா."

"நீங்க பாத்ததே இல்லையா?"

"இல்ல."

"ஏன்?"

எங்கள் வீட்டில் எந்தக் கேள்வியையும் 'வாய மூடு' என்று முடிப்பதில்லை. நானும் என் கணவரும் பேசிவைத்துக்கொண்ட ஒன்று அது. தெரிந்தால் சொல்வோம், தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம். அன்று நான் இரண்டையும் செய்யவில்லை. வானொலியைப் போட்டேன்.

அவள் எட்டு வயது வரை பள்ளிக்கூடம் போனவள்தான். சீருடையைப் போட்டதும் வாந்தி எடுப்பாள். யாரும் அடித்ததில்லை, ஆசிரியைகளும் நல்லவர்கள். டாக்டர்கள் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் காலையில் சட்டைப் பொத்தான் போடப் போட அவள் முகம் வெளுக்கும். ஒருநாள் நானே அந்தச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. அந்த வருமானத்தில் சமாளித்துக்கொள்வது என்று முடிவானது.

அட்டவணை கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. அவளுக்கு எது வேண்டுமோ அதை அவள் படிப்பாள், நாங்கள் கூட நிற்போம். முதல் சில மாதங்கள் தூங்கினாள், படம் வரைந்தாள், வேறு ஒன்றும் செய்யவில்லை. பிறகு நத்தைகள் வந்தன. குளியலறை வாளியில், ஜன்னல் திட்டில், எங்கும் நத்தை. அதற்குப் பிறகு ரொட்டி. மாவை அளக்கப் போய், நான் சொல்லித்தராமலே பின்னக் கணக்கு வந்தது. அடுத்து கடைப் பலகைகளில் இருக்கும் சீன எழுத்துகள். மருந்துக்கடைச் சீன ஆன்டி அவள் போனால் ஸ்டூலை எடுத்துப் போடுவார். சொந்தக்காரர்கள் மட்டும், "பிள்ளைய வீட்டுல வச்சு என்ன லா பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

காப்பாரிலிருந்து வந்த மறுநாள் காலை, தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, அடுத்து நான் செத்துப்போறதப் பத்திப் படிக்கப் போறேன்."

கையில் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றேன். அவள் குரலில் ஒரு பயமும் இல்லை. நத்தை என்று சொன்ன அதே குரல்.

"எதப் பத்தி?"

"ஒருத்தர் செத்ததும் என்ன ஆகும், யாரு குளிப்பாட்டுவாங்க, எங்க கொண்டுபோவாங்க. எல்லாம்."

என் கணவர் சிரித்துவிட்டார். "ரெண்டு நாள் போனா மறந்துடுவா லா" என்று என் காதோடு சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அவள் மறக்கவில்லை. உடம்பு ஏன் விறைக்கிறது என்று ரசம் ஊற்றும்போது விளக்கினாள். வேலிக்கு அப்பால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்க்கார ஆன்டியிடம் போய், உங்கள் வீட்டில் யாராவது இறந்தால் என்ன செய்வீர்கள் என்று மலாயில் கேட்டாள். மன்னிப்புக் கேட்க நான் ஓடினேன். அவரோ துணியைக் கீழே வைத்துவிட்டு, குளிப்பாட்டுவது, வெள்ளைத் துணி சுற்றுவது, தாமதிக்காமல் அடக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பயமாக இருந்தது உண்மை. விளக்கு வைத்த வீட்டில் பேசுகிற பேச்சா என்று எனக்குள்ளும் ஒருத்தி முணுமுணுத்தாள். ஆனால் நத்தைக்கு ஒரு நியாயம், சாவுக்கு ஒரு நியாயம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். கணவருக்கு அன்றும் வேலை. நானும் மகளும் மட்டும்தான். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அத்தான் மாரடைப்பில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அதன்பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. நாங்களும் அவர் பேச்சை எடுப்பதில்லை. எடுக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

காரை விட்டு இறங்கும்போதே மகளிடம் கெஞ்சினேன். "இன்னைக்குப் பெரியம்மாகிட்ட உன் பாடத்தப் பத்திப் பேச வேண்டாம், என்ன?"

"ஏம்மா?"

"பெரியம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும்."

யோசித்தாள். சரி என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அக்கா நண்டு வறுத்திருந்தாள். பாதிச் சாப்பாட்டில் மகள் நிமிர்ந்தாள்.

"பெரியம்மா, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா பதில் சொல்ல வேணாம். பெரியப்பா செத்ததும் நீங்க அவரத் தொட்டுப் பாத்தீங்களா?"

என் கையிலிருந்த நண்டு ஓடு தட்டில் விழுந்தது. அக்காவைப் பார்க்கவே பயந்தேன். அவள் எழுந்து அறைக்குள் போய்விடுவாள், அல்லது எங்களைப் போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"தொட்டேன்" என்றாள் அக்கா.

மகள் காத்திருந்தாள்.

"காலத் தொட்டேன். ஜில்லுனு இருந்துச்சு. ஏசி ஜாஸ்தி போலன்னு நெனச்சு, சாக்ஸ் இருக்கான்னு நர்ஸ்கிட்ட கேட்டேன். அந்தப் பொண்ணு பாவம், என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு." அக்கா கொஞ்சம் சிரித்தாள். "அப்புறம் எங்கேயோ போயி ஒரு ஜோடி கொண்டுவந்து குடுத்துச்சு. நான் போட்டுவிட்டேன்."

நான் திகைத்துப்போனேன். இரண்டு வருஷத்தில் அக்கா வாயிலிருந்து அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. கருமாதி வரைக்கும் கூடவே இருந்த எனக்கு அந்தச் சாக்ஸைப் பற்றித் தெரியாது.

"பயமா இல்லையா பெரியம்மா?"

"இல்ல. எனக்குத்தான் ஏற்கனவே தெரியுமே. உங்க தாத்தாவத் தொட்டிருக்கேன்ல."

"ஆஸ்பத்திரியிலயா?"

அக்காவின் கை நின்றது. என் பக்கம் பார்த்தாள்.

எங்கள் அப்பா பாமாயில் லோரி ஓட்டியவர். எனக்குப் பத்து வயதானபோது இறந்தார். மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும் அங்கே இறந்ததாகவும் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. என்னைக் கேரித் தீவிலிருந்த மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. என்னிடம் மிச்சமிருந்தது அதற்கு முந்தைய ஒரு மதியம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அப்பா கூடத்தில் பாயில் படுத்திருந்தார். நானும் பக்கத்தில் படுத்து, அவர் கைக்குள் என் கையை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இந்தக் கதையை என் மகளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். என் சின்ன வயதில் எனக்குப் பிடித்த ஞாபகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அவளும் அதைத்தான் சொன்னாள். "அம்மா தாத்தா பக்கத்துல படுத்துக் கதை சொன்னாங்கல்ல, அதுக்கப்புறம்தானே தாத்தா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க?"

அக்கா கையிலிருந்த நண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். கீழே தெருவில் யாரோ லோரியைப் பின்னால் எடுத்தார்கள்.

"அக்கா?" என்றேன்.

"போகல" என்றாள்.

"என்ன போகல?"

"ஆஸ்பத்திரிக்குப் போகல. நான்தான் முதல்ல வீட்டுக்கு வந்தேன். எழுப்புனேன், எந்திரிக்கல. பக்கத்து வீட்டுல போன் இருந்துச்சுன்னு ஓடுனேன், அம்மாவோட பேக்டரிக்குச் சொல்ல. திரும்பி வந்து பாத்தா நீ வந்துட்ட. அப்பா பக்கத்துல படுத்துக்கிட்டுப் பேசிக்கிட்டு இருந்த."

அவள் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனால் விளங்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது. அந்தக் கை குளிர்ச்சியாக இருந்தது என்பது எனக்கு எப்போதும் தெரியும். மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்ததால் என்று நினைத்திருந்தேன். முப்பது வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"ஏன் சொல்லல?"

"உனக்குப் பத்து வயசு. அம்மா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அம்மா போனதுக்கப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன். நீ அந்தக் கதைய அவ்வளவு ஆசையாச் சொல்லுவ. எப்படிச் சொல்றது?"

"இப்ப மட்டும் ஏன் சொன்ன?"

அக்கா என் மகளைக் காட்டினாள். "இவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால பொய் சொல்ல முடியல."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள். "அப்ப நீங்களும் தொட்டிருக்கீங்க. அன்னைக்கு உங்களுக்குப் பயமா இல்லதானே?"

கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றிருந்தேன். அக்கா வந்து மூடினாள்.

காருக்கு வந்தும் கிளப்ப முடியவில்லை. அழுகை வரவில்லை. அந்த மதியத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் அப்படியே இருந்தது, வெயில் அப்படியே இருந்தது, என் சீருடையும் என் குரலும் இருந்தன. அப்பா மட்டும் அதில் இல்லை.

"நான் கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள் மகள், பின்சீட்டிலிருந்து.

கூடாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"கேக்கலாம்" என்றேன். "எனக்குத்தான் கொஞ்ச நேரம் ஆகும்."

"நான் முன்னாடி வந்து உக்காரட்டுமா? வண்டி கிளம்புறப்ப பின்னாடி போயிடறேன்."

வந்து உட்கார்ந்தாள். எதிரே பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து வந்த வாரங்களில் நான் அக்காவுக்குப் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. எனக்குக் கோபம். அவள்மேல், இறந்துபோன அம்மாமேல், கேரித் தீவில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்த மாமாமேல். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எல்லாரும் தலையாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். ஒருநாள் கணவரிடம் கத்தினேன். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

"பிள்ளைங்ககிட்ட இப்படியா பொய் சொல்லுவாங்க? என் அக்காவே எப்படி அந்தப் பொய்யச் சொன்னா?"

"உன் அக்காவும் அப்ப பிள்ளதானே" என்றார் அவர்.

நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினேன்.

இதற்கிடையே மகள் ஒருநாள் வந்து, பேட்மிண்டன் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள்.

"அப்ப அந்தப் பாடம்?"

"எது?"

"செத்துப்போறது."

"அதுவா? முடிஞ்சிருச்சும்மா. எனக்குத் தெரிஞ்சுக்க வேண்டியதெல்லாம் தெரிஞ்சிருச்சு."

இறகுப்பந்து மட்டையை இப்படிப் பிடிப்பதா அப்படிப் பிடிப்பதா என்று காற்றில் வீசிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அதுவும் ஓர் அடி போல இருந்தது. என் வீட்டைக் கிளறிப் போட்டுவிட்டு, அவள் பாட்டுக்குக் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். அவரவர் வேகத்தில் படிக்கட்டும் என்று மேடை போடாத குறையாகப் பேசியவள் நான். எனக்கு அந்தப் பாடம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம், அவளைப் பயிற்சி மண்டபத்தில் விட்டுவிட்டு, அவள் அப்பாவை வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, நான் மட்டும் பிரிக்பீல்ட்ஸுக்கு வண்டியை ஓட்டினேன்.

அக்கா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் தேநீர் போட உள்ளே போனாள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டேன்.

"நான் அன்னைக்கு என்ன பேசிக்கிட்டு இருந்தேன்?"

அவள் திரும்பாமலே சொன்னாள். "உன் கிளாஸ் பொண்ணு ஒருத்தியோட ஒரு கால் சப்பாத்து சாக்கடையில விழுந்துருச்சாம். அத எடுக்கப் போயி வாத்தியாரோட குடையும் விழுந்துருச்சாம். சொல்லிச் சொல்லி நீயே சிரிச்ச."

எனக்கு அது ஞாபகமே இல்லை. பேசினது ஞாபகம் இருக்கிறது, என்ன பேசினேன் என்பது இல்லை. அவளிடம் அது அப்படியே இருந்தது, குடை உட்பட.

"நீ எங்க நின்ன?"

"வாசல்ல."

"ஏன் என்னை உடனே தூக்கல?"

அக்கா அடுப்பை அணைத்தாள்.

"நீ பேசி முடிச்சதும் கூப்பிடலாம்னு நின்னேன். நீ முடிக்கவே இல்ல. ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. பக்கத்து வீட்டு ஆன்டி வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தேன்."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பதினாறு வயதில் ஒரு பெண், பள்ளிச் சீருடையோடு, செத்துப்போன அப்பாவையும் சிரிக்கிற தங்கையையும் பார்த்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நிற்பது தெரிந்தது. என் ஞாபகத்தில் இதுவரை அந்த வாசலில் யாரும் இருந்ததில்லை.

"அப்புறம்?" என்றேன்.

அக்கா தேநீரை ஆற்றிக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். அம்மா வேலைச் சட்டையோடு ஓடி வந்தது, அப்பாவைக் குளிப்பாட்ட வீட்டில் பெரிய அண்டா இல்லாமல் தெருவில் கேட்டு வாங்கியது, அவர் போட்டிருந்த கைக்கடிகாரத்தை யார் கழற்றுவது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பாதியில் என் போன் அடித்தது. கணவர். மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். சாப்பிட எப்போது வருவேன் என்று கேட்டார்.

"நீங்க சாப்பிடுங்க" என்றேன். "அக்கா பேசிக்கிட்டு இருக்கா."