சுபாவின் இடது கால்

செஞ்சியில் ஆதிநாதன் எண்ணெய்க் கடையைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்தக் கடையில் செக்குக்கு மல்லாட்டைக் கடலை அள்ளிக் கொட்டுவது யார், பிண்ணாக்கை மூட்டை கட்டுவது யார் என்று கேட்டுப் பாருங்கள், "கடைக்காரர் வீட்டம்மா" என்பார்கள். அந்த அம்மாவுக்கு சுபா என்று ஒரு பெயர் இருக்கிறது. தொண்டூரில் ஜைனக் குடும்பத்தில் பிறந்தவள், வயது ஐம்பத்து மூன்று. கல்யாணமாகி வந்த நாள் முதல் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. நின்ற காலை யாரும் ஒரு வார்த்தை விசாரித்ததும் இல்லை.

சர்க்கரை வந்து பதினோரு வருஷம். பாதம் மரத்துப்போயிருந்தது அவளுக்கே தெரியாது. சித்திரையில் உறவுக்காரர்களோடு தீர்த்தங்கரர்களைக் கும்பிடத் திருநாதர்குன்றுக்குப் போனாள். நடு வெயிலில் வெறுங்காலோடு பாறை ஏறினார்கள். மற்ற பெண்கள் சூடு தாங்காமல் நிழலுக்கு ஓட, இவள் மட்டும் நிதானமாக நடந்தாள். "சுபாவுக்கு இன்னா பக்தி பாரு" என்றார்கள். பக்தியாவது ஒன்றாவது! இடது உள்ளங்கால் வெந்துகொண்டிருந்தது. வீடு வந்து கூடத்துத் தரையில் ஈரத்தடம் பார்த்த பிறகுதான் கொப்புளம் உடைந்தது அவளுக்கே தெரிந்தது.

புண் ஆறவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை கட்டு மாற்றியும் அப்படியே இருந்தது. டாக்டர் வளவன் பொறுமையான மனிதர். ஒருநாள் அவளுக்குப் புரியும்படி சொன்னார்.

"புண்ணு ஆறணும்னா மொதல்ல கெட்டுப்போன சதைய அறுத்துத் தள்ளணும்மா. அதுக்குன்னு ஒடம்புலயே சில நொதிங்க இருக்குது. மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்னு பேரு. வேலை முடிஞ்சதும் அதுங்க அடங்கிடணும். உங்க புண்ணுல அடங்க மாட்டேங்குது. புதுசா வளர்ற சதையையும் சேத்து அறுக்குது."

"களை எடுக்க வந்த ஆளு நாத்தையும் புடுங்கிப் போடற மாதிரியா சார்?"

"அதேதான்."

"அப்ப அதுங்கள ஒழிச்சுக் கட்டிடுங்க."

"ஒழிச்சுட்டா புண்ணே ஆறாதும்மா. அளவோட இருந்தா அதுதான் நம்மளக் காப்பாத்துது. மீறிடுச்சுன்னா நம்மளையே தின்னுது."

சுபா தலையாட்டினாள். அளவு மீறினவர்களோடு குடித்தனம் நடத்திப் பழகியவள்தானே.

ஆனி மாதம் ஒருநாள் அவள் கிளினிக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தபோது, டாக்டர் ஆதிநாதனை முன்னறைக்கு அழைத்துப் பேசினார். கொஞ்ச நேரத்தில் கணவர் ஒரு தாளோடு உள்ளே வந்தார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"இன்னா இது?"

"கட்டு சமாச்சாரம். போடேன், கடைக்கு நேரமாவுது."

போட்டாள். பத்தாவதில் தமிழில் எண்பத்தேழு மார்க் வாங்கியவள். இருந்தும் பேங்க், பத்திரம், ரேஷன் என்று முப்பது வருஷமாக அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டே பழக்கம். அன்றும் படிக்கவில்லை.

ஆடியில் புண் எலும்பைத் தொட்டது. விழுப்புரத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்தபோது, எத்தனை நாளில் இவள் கடையில் நிற்க முடியும் என்று ஆதிநாதன் நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. அழத் தோன்றவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஊருக்கு வந்த பிறகு வளவன் கிளினிக்கிலேயே கட்டு மாற்றினார்கள். நர்ஸ் ஜெயக்கொடிக்கு மனதில் ஒன்றும் தங்காது. "நானா இருந்தா மாடாவது தோலாவது, கால் தாம்மா முக்கியம்னு இருப்பேன். நீங்கதான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டீங்க" என்றாள்.

"எத வேணாம்னேன்?"

டாக்டர் ஃபைலை எடுத்துக் காட்டினார். மாட்டுத் தோலிலிருந்து செய்த கொலாஜன் ஷீட் என் கொல்லாமை விரதத்துக்கு விரோதமானது, அதனால் வேண்டாம் என்று கணவர் கையால் எழுதி, கீழே அவள் கையெழுத்து.

"புண்ணு மேல அத வெச்சா அந்த நொதிங்க அத்தத் தின்னுட்டு உங்க சதைய விட்டுடும்னு பாத்தேன். கால் நிச்சயம் தப்பிச்சிருக்கும்னு சொல்ல மாட்டேன். ஒரு வாய்ப்பு இருந்துது." வளவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களத்தான் கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு." பிறகு ஆத்திரத்தில், சொல்லக் கூடாததையும் சொன்னார். "உங்க வீட்டுக்காரரு தெனம் முழுங்கற கேப்சூலோட மேலோடும் மாட்டுத் தோலு, எலும்புல எடுக்கறதுதாம்மா. போன வருஷமே சொன்னேன். மருந்துக்கு தோஷம் இல்ல சார்னாரு."

ஞாயிற்றுக்கிழமை கோயில்காரர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்குப் பார்க்க வந்தார்கள். ஆதிநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். "கால் போனாலும் போவட்டும், விரதம் கெடக் கூடாதுன்னுட்டா." கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். விஜயா என்கிற அம்மாள் குனிந்து, சுபாவின் மிச்சமிருந்த காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுபாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எம் மாத்திர எங்க?" என்று அவர் கை நீட்டினார். சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது. சுபா அந்தக் கேப்சூலை எடுத்தாள், ஆனால் கொடுக்கவில்லை.

"நான் எதையும் வேணாம்னு சொல்லல. என்னை யாரும் கேக்கவே இல்ல. இவரு எழுதுனாரு, நான் படிக்காமக் கையெழுத்துப் போட்டேன்." கேப்சூலை உயர்த்திக் காட்டினாள். "இந்தக் கேப்சூலும் அதே மாட்டுத் தோலுதான். அது தெரிஞ்சேதான் இவரு முழுங்கறாரு. டாக்டரே சொன்னாரு."

ஆதிநாதன் முகம் ஒரு நொடி கறுத்தது. பிறகு சிரித்தார்.

"நானும் படுத்துட்டா கடைய யாரு பாக்கறது?" என்றபடி அவள் விரலிலிருந்து கேப்சூலைப் பிடுங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர் வாட்சைப் பார்த்தார், ஒருவர் செருப்பைத் தேடினார்.

"பாவம், வலியில இன்னா பேசறோம்னு தெரியாம பேசறா" என்றாள் விஜயா. "பொழுது சாயறதுக்குள்ள சாப்புடலன்னா விரதம் கெட்டுடும். கெளம்பலாமா?"