அடியில் எப்படி இருக்கு?

தூத்துக்குடியில் சங்கு குளிப்பதுதான் என் தொழில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் நெஞ்சுக்குள் புற்றுநோய்க் கட்டி வந்து, மதுரை ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை. கட்டி கரைந்தது. சில மாதம் கழித்து வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் பிடித்துக்கொண்டன. கரண்ட் பட்டு நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது, இனிக் கடலில் மூழ்கவே கூடாது என்றார் டாக்டர்.

ஆசை விடவில்லை, வள்ளத்தில் ஏறினேன். அதுவரை நான் மூழ்கும்போது மேலிருந்து எனக்குக் கயிறு பிடித்த மைத்துனன் அன்று கடலில் இறங்கினான், அவன் கயிற்றை நான் பிடித்தேன். அவன் மூழ்கியதும் என்னையறியாமல் நானும் மூச்சை அடக்கினேன். உடனே இருமல் வந்துவிட்டது.

அவன் மேலே வந்ததும் கேட்டேன்: "ஏலே, அடியில எப்படி இருக்கு?"

என் முகத்தையே பார்த்தான். "ஒரே கலங்கல் மச்சான். ஒண்ணுமே தெரியல."

அவன் பை நிறையச் சங்கு இருந்தது. கலங்கலில் சங்கு கண்ணுக்குத் தட்டுப்படாது. நான் ஏங்கக் கூடாதென்று கடலையே கலக்கிவிட்டிருந்தான்.