இரண்டு கைக்கும் ஒரே வெட்டு

தங்கை அதுவரை ஒரு பித்தான்கூடத் தைத்ததில்லை. மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள். மார்பில் அறுவை சிகிச்சை முடிந்த அக்காவுக்கு இடது கை உலக்கையாய் வீங்கிப் போன பிறகுதான் பக்கத்து வீட்டுத் தையல் மெஷினை இரவல் கேட்டாள். திங்கட்கிழமை அக்கா பேருந்து நிலைய டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாற்காலி வேறொருத்திக்குப் போய்விடும். பழைய சீருடைச் சட்டை எதிலும் அந்தக் கை நுழையவில்லை.

"டெய்லர்கிட்ட கொடுக்கலாமேக்கா."

"எவனும் என் மேல டேப்பு வைக்க வேண்டாம். நீயே தை. கோணலா இருந்தா இருந்துட்டுப் போகுது, நானே கோணல்தானே."

மிதித்தால் மெஷின் பின்பக்கமாக ஓடியது, நூல் அறுந்தது, ஊசி விரலில் ஏறியது. அக்காவின் மேல் டேப் வைக்கத் தங்கைக்கும் மனம் வரவில்லை. பழைய சட்டையைப் பிரித்து, அதை மாதிரியாக வைத்து, கண்ணளவாக நாலு விரல் கூட்டி, புதுத் துணியை இரண்டாக மடித்து, சட்டையின் இரு கைகளையும் ஒரே வெட்டாக வெட்டினாள். புதிதாகத் தைப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் வெட்டுவார்கள்.

போட்டுப் பார்த்தபோது வலது பக்கம் தொளதொளவென்று ஆடியது. இடது பக்கம் முழங்கையோடு நின்றது.

"ரெண்டு கையும் இன்னும் ஜோடின்னு நெனச்சியாடி?" அக்கா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "டேப்ப எடு. பயப்படாம அள."

அளந்தாள். தோலை விரல் தொட்ட இடம் குழிந்து, குழி வெகுநேரம் நிரம்பாமல் இருந்தது. மிச்சத் துணியில் பட்டையாக வெட்டி இடது கையில் ஒட்டுக் கொடுத்தாள். சனிக்கிழமை சட்டை சரியாக ஏறியது.

திங்கட்கிழமை காலை ஏறவில்லை. கை இன்னும் அதிகமாக வீங்கியிருந்தது.

"வெட்டு," என்றாள் அக்கா.

"அக்கா..."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. வெட்டுடி."

மணிக்கட்டிலிருந்து தோள்வரை, தான் போட்ட தையல் வழியாகவே தங்கை கத்தரியை ஓட்டினாள். அக்கா மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

தங்கை அன்று கம்பெனிக்குப் போகவில்லை. டிக்கெட் வரிசையில் ஆட்களோடு ஆளாக நின்றாள். சில்லறை நீட்டியவர்கள் யாரும் ஜன்னலுக்குள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் முறை வந்தது. வலது கையால் மட்டும் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அக்கா, முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:

"எங்கம்மா போகணும்?"

தங்கைக்கு ஓர் ஊரின் பெயரும் வாயில் வரவில்லை. பின்னால் நின்றவர், "நகரும்மா," என்றார்.