எட்டுச் சேம்பிலை

மகாயோ, எமாலியாவுக்கு முப்பத்தைந்து டாலர் கடன்பட்டிருந்தான். படப்பெட்டி வாங்கிய கடன். எமாலியா பன்றி விற்றுச் சேர்த்த காசு. வாங்கிப் பதினான்கு மாதமாகியும் அதில் ஒரு டாலரைக்கூட அவன் திருப்பவில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் அவன். கரும்புத் தோட்டத்தில் கோவேறு கழுதை ஓட்டிக்கொண்டே, ஒரு வாத்தியார் காலிலும் விழாமல், கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கவும் இருட்டறையில் மருந்தில் கழுவவும் தானாகவே கற்றுக்கொண்டான். படித்தவர்கள் பத்துப் பேர் கூடினாலும் அவன் பிடிப்பதுபோல ஒரு முகத்தைப் பிடிக்க முடியாது. அந்தத் தீவில் அவன் ஊரான ஹொனோகாவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

அவன் பிடித்ததில் தலைசிறந்தது எமாலியாவின் படம். ஹொனோலுலுவில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப ஒரு படம் வேண்டுமென்று அவளே கூப்பிட்டாள். வீட்டுத் திண்ணையில், உள்ளறைச் சன்னலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உள்ளே தையல் சட்டத்தில் அவள் தைத்துக்கொண்டிருந்த போர்வை இருந்ததால் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். தைத்து முடியாத போர்வையை அந்த ஊரில் எவளும் அடுத்தவள் கண்ணில் காட்ட மாட்டாள். முடிந்ததைத் துவைத்துக் காயப்போட்டால்கூட உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் போடுவாள். போர்வைமேல் வெட்டித் தைக்கும் கோலம் அவளவள் கனவில் வந்தது. அதைத் திருடுவது பிணத்தின் மோதிரத்தைக் கழற்றுவதற்குச் சமம்.

அந்தப் படத்தில் ஒரு பிரதியை மகாயோ சீனர் கடைக் கண்ணாடிக்குள் மாட்டி வைத்தான். மூன்று மாதம் அது அங்கே தொங்கியது. போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் மாதம், கிறிஸ்தவக் கோயில் பாட்டுக்குழுவின் தலைவி லிலியா, தன் பிள்ளையைப் படம் பிடிக்க அவனை அழைத்தாள். உள்ளறைக் கதவு சாத்தாமல் கிடந்தது. சட்டத்தில் ஒரு போர்வை. வெள்ளைத் துணிமேல் சிவப்பில் எட்டுச் சேம்பிலை, நடுவே சுழிக்கும் ஓடை. அந்த இலையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தான். அடுத்த நொடி, கடைக் கண்ணாடிக்குள் தொங்கும் எமாலியாவின் படம் நினைவுக்கு வந்தது.

"என்னடா தம்பி, பேயடிச்ச மாதிரி நிக்கிறே?" என்று லிலியா கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணுமில்லக்கா. வெயிலு."

"வெயிலா? வெளிய மழை பெய்யுது."

படத்தைப் பிடித்தானா இல்லையா என்றுகூட அவனுக்கு நினைவில்லை. கடைக்கு ஓடினான். கண்ணாடிக்குள் இருந்த படத்தை எடுத்துப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். எமாலியாவின் தோளுக்குப் பின்னால் காற்று திரையைத் தூக்கியிருந்தது. கையகலத்துக்குப் போர்வையின் ஒரு மூலை, ஒரே ஒரு சேம்பிலை, ஓடையில் ஒரு சுழி. எட்டாக மடித்து ஒரே வெட்டில் கத்தரிக்கிற கோலத்துக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். கைகாரி மீதியை மடித்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அவன் பயந்தது அடிக்கோ வழக்குக்கோ அல்ல. பாட்டுக்கு. கோலம் திருடியவர்மேல் கேலிப்பாட்டுக் கட்டுவது அந்தக் கடற்கரை ஊர்களின் வழக்கம். தாழம்பூக் கோலத்தைத் திருடிய ஒருத்தி செத்து முப்பது வருஷம் ஆகிறது. அவள் பேரன் தெருவில் போனால் குழந்தைகள் இன்னும் அந்தப் பாட்டை முனகும். எமாலியாவோ பாட்டுக் கட்டுவதில் புலி. 'திரைக்குப் பின்னே கண் வைத்த மகாயோ' என்று ஒரு வரி விழுந்தால் தீர்ந்தது. எந்த வீட்டுக்குள் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைய முடியும்?

கரும்புக் காட்டில் பெண்கள் பாடினால் நின்று காது கொடுத்தான். அவன் பெயர் அதில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கால் நகர்ந்தது. சனிக்கிழமை கோயில் சந்தை. முதலில் எவள் போர்வை தொங்குகிறதோ கோலம் அவளுடையது. லிலியா தொங்கவிட்டுவிட்டால் எமாலியாதான் திருடி ஆவாள். இதை நினைத்தபோது பயம் இரண்டு மடங்காயிற்று. வியாழக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு எமாலியா வீட்டுப் படியேறினான்.

"காசு இல்லேன்னு சொல்லத்தானே வந்தே?" என்றாள் அவள். "அதுக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறே? எனக்குத்தான் பழகிப்போச்சே."

"காசு இல்ல அத்தை. வேற." படத்தையும் பூதக்கண்ணாடியையும் நீட்டினான்.

அவள் பார்த்தாள். பூதக்கண்ணாடி அவள் தோளுக்குப் பின்னால் வந்ததும் நின்றது.

"யாரு?"

"லிலியா அக்கா வீட்டுல பாத்தேன். நான் வேணும்னு செய்யல அத்தை. காத்து..."

"காத்தா? காத்துக்கு முப்பத்தஞ்சு டாலரு நான் கடன் குடுக்கல. செத்துப்போன என் புருஷன் கனவுல தோளு நிறையச் சேம்பிலையோட வந்து நின்னாரு. அதைக் கடைத்தெருவுல தொங்கவிட்டுட்டியேடா."

அவன் தலையைக் குனிந்தான். அவள் படத்தின் மூலையில் விரலை வைத்தாள்.

"அவ போர்வையில இந்த இலை எப்படி இருந்துச்சு?"

"இதே மாதிரிதான். எட்டும் இதே மாதிரி."

"நுனி?"

"இதே நுனிதான் அத்தை."

எமாலியா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் உயிரே பாதியாயிற்று.

"சனிக்கிழமை சந்தைக்கு வா. பெட்டியத் தூக்கிட்டு வா."

"எதுக்கு அத்தை?"

"வான்னா வா."

அந்த இரண்டு நாளும் அவன் பட்ட பாட்டை எழுதி முடியாது. ஊரார் முன்னால் நிறுத்தித் தன் பெயரைச் சொல்லிப் பாடத்தான் கூப்பிடுகிறாள் என்று முடிவே செய்துவிட்டான். கப்பலேறி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான். கப்பலுக்கும் காசில்லை.

சனிக்கிழமை லிலியாவின் போர்வை கோயில் சுவரில் முதலாவதாகத் தொங்கியது. பெண்கள் சுற்றி நின்று வாயைப் பிளந்தார்கள். "எனக்குக் கனவுல வந்துச்சு" என்று லிலியா சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது எமாலியா கைக்குள் ஒரு மூட்டையோடு வந்தாள். பேசாமல் அதைப் பிரித்துப் பக்கத்தில் பிடித்தாள். பாதிதான் தைத்திருந்தது, ஓரத்தில் நூல் தொங்கியது. முடியாத போர்வையைப் பொது இடத்தில் விரித்த முதல் பெண் அவள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள் ஒருத்தி, மெதுவாக.

"ஒண்ணில்ல. நல்லாப் பாருங்க," என்றாள் எமாலியா. "வெட்டி விரிச்சப்புறம் ஓரம் திருத்தும்போது என் கத்தரி வழுக்கி இந்த ஒரு இலையோட நுனிய முழுங்கிடுச்சு. மடிச்சுத் தைச்சு மறைச்சேன். சன்னலோரத்து இலை. மத்த ஏழும் முழுசு." பிறகு திரும்பினாள். "லிலியா, உன் எட்டு இலையையும் எந்த எலி கடிச்சுது? கனவுல வந்தவரு எலியையும் கூட்டிட்டு வந்தாரா?"

முதலில் பின்வரிசையில் ஒரு கிழவி சிரித்தாள். அப்புறம் கோயில் முற்றமே சிரித்தது. லிலியா போர்வையைச் சுருட்டிக்கொண்டு பாதிரியார் வீட்டுப் பக்கமாகப் போனாள்.

மகாயோ மட்டும் சிரிக்கவில்லை. அடுத்தது தன் முறை என்று காத்திருந்தான்.

"டேய், என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? பிடி," என்றாள் எமாலியா. "என் முகமும் போர்வையும் ஒண்ணா விழணும். கீழ என் பேரும் தேதியும் எழுது. இனிமே எவளாவது கனவு கண்டேன்னு வந்தா இதை நீட்டுறேன்."

அன்று அவன் பிடித்தது ஒரே தகடு. அடுத்த வாரத்திலிருந்து, சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தைத்து முடித்த போர்வைகளோடு பெண்கள் வந்தார்கள், பெயர், தேதி, சாட்சிக்கு ஒரு படம். தலைக்கு ஒரு டாலர். ஊருக்குப் பயம் பிடித்தது அவனுக்குப் பிழைப்பானது. ஆனாலும் யாராவது பாடினால் அவன் நின்று காது கொடுப்பது நிற்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து எமாலியா வீட்டுக்குப் போனான். அவள் தைத்துக்கொண்டே எதையோ முனகினாள். புது மெட்டு. எலி என்று வந்தது, லிலியா என்று வந்தது. அடுத்த வரியில் சொல் இல்லை, வெறும் மெட்டு மட்டும்.

"அத்தை, அந்த வரியில யாரு பேரு வருது?"

எமாலியா ஊசியை வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினாள்.

"முப்பத்தஞ்சையும் எண்ணு. அப்புறம் சொல்றேன்."

ஒன்று, இரண்டு என்று வெள்ளி டாலர்களை அந்த விரித்த கையில் ஒவ்வொன்றாக வைத்தான். அவள் முனகுவதை நிறுத்தவில்லை. முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. கடைசி டாலரை வைத்துவிட்டு, சொல் இல்லாத அந்த வரிக்காக அவன் காது கொடுத்தான்.