பெயர் வைத்தவள் நான்

எய்லெர்ட் சுன்ஸ்னெஸ் பியானோ வாசிக்க, பக்கத்தில் நின்று முப்பத்தொரு வருடம் பாஸ் என்கிற ஆளுயரத் தந்திவாத்தியம் வாசித்தவள் நான். அவன் போனபின் பத்திரிகைகள் அவனை மேதை என்று எழுதின. மேதையாம்! உயிரோடு இருந்தபோது ட்ரொண்ட்ஹெய்மில் பதினேழு பேருக்கு வாசித்துவிட்டு, பனியில் சிக்கிய வண்டியை என்னோடு சேர்ந்து தள்ளியவன் அவன். ஜாஸில் ஆறு இசைத்தட்டு போட்டான். நூற்றுச் சொச்சம் மெட்டு அமைத்தான். மற்ற நாட்களில் எங்கள் கடலோர ஊரான ப்ரொன்னொய்சுண்டில் இசைப்பள்ளி வாத்தியார்.

பிறந்தது எதிரே இருக்கும் வேகா தீவில். அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, கரையில் ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பியானோ இருப்பதாகத் தெரிந்தது. மீன் பிடிக்கிற அண்ணன் ஆன்ஃபின், பெப்ரவரிக் கடலில் அதைத் தன் படகில் கட்டி ஏற்றித் தீவுக்குக் கொண்டுவந்தார். இருந்த ஒரே தார்ப்பாயைத் தம்பிக்குப் போர்த்தாமல் பியானோவுக்குப் போர்த்தினாராம். "நீ நனைஞ்சா காய்ஞ்சுருவ, அது காயாதுடா"ன்னு சொன்னார் என்று எய்லெர்ட் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அப்படிப்பட்ட அண்ணன் தம்பிதான், அம்மாவை அடக்கம் செய்த அன்று பிரிந்தார்கள். ஜெபவீட்டில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருக்க, எய்லெர்ட் அம்மாவுக்குப் பிடித்த பாட்டை வாசித்தான். தன் ஜாஸ் பாணியில்தான், சுரங்களை இழுத்து, வளைத்து, நடுநடுவே நிறுத்தி. சபையார் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். ஆன்ஃபின் எழுந்து வந்து பியானோ மூடியைப் பட்டென்று சாத்தினார். எய்லெர்ட்டின் இடதுகை மோதிரவிரல் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த நகம் அப்புறம் நேராக வளரவேயில்லை. இருபத்திரண்டு வருடம் இருவருக்கும் பேச்சு இல்லை. இரண்டுமே வீம்பு பிடித்த ஜென்மங்கள்.

அறுபத்தொன்றாம் வயதில் எய்லெர்ட் ஒரு மெட்டு அமைத்தான். இடதுகை முழுக்க, பழைய மீன்படகு இயந்திரம்போல் டுங்க் டுங்க் என்று போகும். எங்கள் ஊர்த் தேவாலயத்தில் ஏப்ரலில் ஒரு ஞாயிறு மதியம் வாசிப்பதாக ஏற்பாடு.

"இந்த ஒண்ணை மட்டும் அண்ணன் கேக்கணும், போர்ஹில். மத்ததையெல்லாம் யாரு கேட்டா எனக்கென்ன?" என்றான்.

முன்வரிசை டிக்கெட் ஒன்றைத் தபாலில் அனுப்பினான். ஆன்ஃபின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறார் என்று தீவுக் கடைக்காரி டோர்டிஸ் சொல்லியனுப்பினாள். அந்த வாரம் முழுக்க எய்லெர்ட் தரையில் கால் படாமல் நடந்தான்.

ஒரு தடவையாவது ஆட்கள் முன்னால் வாசிக்காமல் எந்த மெட்டுக்கும் அவன் பெயர் வைக்க மாட்டான். "பொறக்காத பிள்ளைக்கு எதுக்குடி பேரு?" என்பான். வியாழக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து எனக்குப் போன் வந்தது.

"பேரு இல்லாம செய்தி எப்படிப் போடறது? ஏதாவது ஒண்ணு சொல்லு."

என் வாய் சும்மா இருந்ததா? "'போன தடவைக்கு நன்றி'ன்னு போட்டுக்க" என்றேன்.

மறுபடி ஒருவரைப் பார்த்தால் நாங்கள் முதலில் சொல்லும் வார்த்தை அதுதானே. ரொட்டிக் கடையிலும் சொல்வோம், கல்யாணத்திலும் சொல்வோம். அண்ணனும் தம்பியும் இத்தனை வருடம் கழித்துப் பார்க்கப்போகிறார்கள், பொருத்தமாக இருக்குமே என்று நினைத்தேன். ஆனால் அடிபட்டவன் அடித்தவனைப் பார்த்து அதையே சொன்னால், 'அன்றைக்கு நீ கொடுத்ததை இன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்' என்று அர்த்தமாகிவிடும். அந்த விரல் எனக்கு ஞாபகமே வரவில்லை. பாவி நான்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெயரோடு பத்திரிகை தீவுக்கும் போனது. சனிக்கிழமைப் படகில் டிக்கெட் திரும்பி வந்தது. கூட ஒரு வரி எழுத்தில்லை. எய்லெர்ட் பத்திரிகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இந்தப் பேரை யாரு குடுத்தது?"

"அவங்களே போட்டுக்கிட்டாங்க போல" என்று புளுகினேன்.

மறுநாள் அந்தக் காலி இடத்துக்கு முன்னால் வாசித்தான். முடிந்ததும் பென்சிலால் மெட்டு எழுதிய தாளின் தலையில் பெயர் எழுதி, "பத்திரமா வெச்சுக்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அங்கேயே படித்துவிட்டு என் பாஸ் உறைக்குள் வைத்தேன். அன்றைக்கே தீவுக்குப் போயிருக்கலாம். நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். என்ன முகத்தோடு போவேன்? அந்தக் கோடையில் அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். அப்போதும் போகவில்லை. மார்ச் மாதம் கண்ணை மூடினான். அடக்கத்துக்கு ஆன்ஃபின் வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் படகேறினேன். ஆன்ஃபின் படகுக் கொட்டகையில் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"குத்திக்காட்டற மெட்டை வாசிக்க வந்தியா?" என்றார், தலை நிமிராமல்.

"அந்தப் பேரை வெச்சது நான். அவன் இல்லை. அவன் வெச்சது இது."

தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். 'ஆன்ஃபின் கொண்டுவந்தது' என்று இருந்தது. உதட்டை அசைத்து இரண்டு முறை படித்தார்.

"எப்ப எழுதினான்?"

"வாசிச்ச அன்னிக்கே."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

விரல்விட்டு மாதங்களை எண்ணினார். "பதினோரு மாசம். பதினோரு மாசம் அவன் உயிரோட இருந்தானே, போர்ஹில்."