எல்லை கடந்த கறிவேப்பிலை

எதையும் ஏன் என்று கேட்காமல் விட்டால் வத்சலாவுக்குச் சாப்பாடு இறங்காது. ஜெர்மனியின் ஆஹென் நகரில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருப்பவள். பல வருடம் அங்கே ஹோட்டல் சமையலறையில் நின்றுவிட்டு, பிறகு எல்லைக்கு அப்பால் நெதர்லாந்தில் பூப் பொதி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். திங்கள் காலை போனால் வேலையாட்கள் விடுதியில் தங்கி, வெள்ளி பின்னேரம் பஸ்ஸில் வீடு திரும்புவாள். இந்த மாசியில் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

கூத்து அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வேலையிழந்தோர் கொடுப்பனவு கேட்டுப் போனால், நெதர்லாந்து அலுவலகம் வேலை செய்த காலத்துக்குச் சான்று தந்து, "உங்கள் வீடு ஜெர்மனியில், அங்கே கேளுங்கள்" என்றது. ஆஹென் அலுவலகமோ, "கிழமையில் நாலு இரவு அங்கே படுத்திருக்கிறீர்களே, அப்படியென்றால் அங்கேதானே வசித்தீர்கள்?" என்றது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வுப்பர்டால் நகரிலிருந்து தம்பி மிதுஷன் தொலைபேசி எடுத்தான். "அக்கா, வாடகை குடுக்க ஏலாட்டி வீட்டை விட்டிட்டு எங்களோட வந்திருங்கோவன்."

"பாப்பம்" என்று வைத்துவிட்டாள். தம்பி நல்லவன்தான். ஆனாலும் எலி வளையானாலும் தனி வளை வேண்டும் அல்லவா? அதைவிட அவளைக் குடைந்தது வேறொன்று. ஒரு மனுசி வசிக்கிற இடம் எது? படுக்கிற இடமா, சமைக்கிற இடமா? ஆஹென் அலுவலகம் குறித்துத் தந்த அடுத்த தெர்மினுக்குப் போனபோது அதையே அங்கிருந்த அதிகாரி லென்ஸ் அம்மாவிடம் கேட்டாள்.

லென்ஸ் அம்மா யோசித்தார். "கிழமைக்கு ஒரு தடவையாவது தவறாமல் இங்கே திரும்பியிருந்தால் உங்களை நாங்கள் பொறுப்பெடுக்கலாம். நீங்கள் வந்து போனதைக் கண்டவர் யாராவது உண்டா?"

கண்டவர் ஒருவர் இருந்தார், வெள்ளிக்கிழமை பஸ் சாரதி. ஆனால் அவர் வத்சலாவை மட்டுமா கண்டார்? மடியிலிருந்த கறிவேப்பிலைச் சட்டியையும் அல்லவா கண்டார்! வீட்டுச் சூடாக்கியைத் திங்களன்று நிறுத்திவிட்டுப் போவாள். குளிரில் கன்று செத்துவிடும் என்று அதையும் தூக்கிக்கொண்டு போய்வந்தாள். விமான நிலையத்தில் யாரோ கொண்டுவந்த கன்றைப் பிடுங்கிக் குப்பையில் போட்டதை ஒருமுறை பார்த்திருக்கிறாள். நாடு விட்டு நாடு செடி கொண்டுபோவது குற்றம் என்று நினைத்து, சால்வையால் மூடியே கொண்டுவருவாள். எல்லாவற்றையும் கேட்கிறவள் இதை மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை. பதில் பிடிக்காமல் போனால்?

கடைசியில் தனக்கு வந்த ஜெர்மனில் சொல்லிவிட்டாள். "ஒராள் கண்டவர். ஆனா நான் ஒரு பிழை செய்துபோட்டன், அம்மா." சட்டி, சால்வை எல்லாம் வெளியே வந்தன.

லென்ஸ் அம்மா பேனையை வைத்தார். "ஒவ்வொரு வெள்ளியுமா?"

"ஓம். ஒரு கிழமையும் விடேல்லை."

"வீட்டுச் செடியை இந்த எல்லையில் ஒருவரும் மறிக்க மாட்டார்கள். அந்தச் சாரதியிடம் ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கி வாருங்கள்" என்றவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்த இலையை எதில் போடுவார்கள் என்றும் விசாரித்தார். வத்சலா பருப்புக்கறியில் தொடங்கினாள்.

வெள்ளி பின்னேரம் எல்லைக்கு அப்பால் போய், பழைய தரிப்பிடத்தில் சட்டியோடு நின்றாள். சாரதிக்குத் தன் முகம் மறந்திருந்தாலும் செடியைத் தெரியும் என்ற நம்பிக்கை. சால்வை போடவில்லை.

கதவைத் திறந்த சாரதி முதலில் சட்டியைத்தான் பார்த்தார். "எங்கே இவ்வளவு நாளும் காணவில்லை? இன்றைக்கு ஏன் போர்த்தவில்லை, குளிராதா அதற்கு? உங்களைக் கண்டால் நான் ஹீட்டரைக் கூட்டிவிடுவேனே."

ஒளித்துக் கொண்டுவந்ததை ஒரு மனிதர் இத்தனை நாளும் பார்த்துப் பராமரித்திருக்கிறார்! வத்சலாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. கடைசித் தரிப்பிடத்தில் அவள் விஷயத்தைச் சொல்ல, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கொடுப்பனவு கிடைத்தது. அடுத்து வந்த திங்கள் காலை பழக்கதோஷத்தில் சூடாக்கியை நிறுத்தக் கை போனது. ஜன்னலோரம் கறிவேப்பிலை புதுத் துளிர் விட்டிருந்தது. சூடாக்கியை அப்படியே விட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள்.