வேகாத பருப்பும் நாகஜோதியின் மூன்று மணியும்

நாகஜோதிக்கு நாற்பத்தெட்டு வயது. பாம்பனில் பாசி எடுக்கிறவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆள் ஆழம் இறங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் கடற்பாசியைக் கையால் பிய்த்து, இடுப்புப் பைக்குள் திணித்துக்கொண்டு மேலே வர வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். இருபத்தெட்டு வருடம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார். அப்படியும் பாறை கிழிக்கும். உப்புத்தண்ணீர் ஆறவும் விடாது.

இந்தப் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போகிறார்கள். தாங்களே கூடிப் பேசிப் போட்டுக்கொண்ட விதி அது. மிச்ச நாளில் பாசி வளரட்டும், இன்று முழுதும் பிய்த்துவிட்டால் நாளைக்கு என்ன இருக்கும் என்ற கணக்கு. அதை மீறி இறங்கும் பெண்ணை மற்றவர்களே கண்டிக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காத பெண்களின் அறிவு இது. மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இதே தெருவின் ஆண்கள் ஒரு நாள் சுற்றுலா போன லட்சணத்தை இனிச் சொல்லப்போகிறேன்.

சுற்றுலா நாகஜோதியின் யோசனை. கொடைக்கானலைத் தாண்டி வெள்ளிக்கானல் என்று ஒரு சிறிய ஊர். ஒரே ஒரு கடைத்தெரு. படம் வரைகிறவர்கள், மரம் செதுக்குகிறவர்கள், ரொட்டி சுடுகிறவர்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். கீழக்கரையில் பிறந்த மாஷிதா என்ற பெண் அங்கே மண்பாண்டக் கூடம் வைத்திருக்கிறார். சுழலும் சக்கரத்தில் ஈரமண் ஏறி இறங்கும் காட்சியை அவர் கைப்பேசியில் போட, அது எப்படியோ நாகஜோதியின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. நாகஜோதி அதை நாற்பது தடவையாவது பார்த்திருப்பார். பிறகு ஒருநாள் துணிந்து மாஷிதாவுக்குப் போன் செய்தார்.

"யாரு வேணாலும் சக்கரத்துல உக்காரலாமா தாயி?"

"உக்காரலாம்க்கா. எங்கேருந்து பேசுறிய?"

"பாம்பன். பாசி எடுக்கிறவ. கையெல்லாம் காச்சுப் போயிருக்கும், பரவாயில்லையா?"

"மண்ணுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. வாங்க. ஞாயித்துக்கிழமை மூணு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் ஒரு சக்கரம் ஒங்களுக்கு. நாலு மணிக்கு வேற ஆளுக வந்துருவாக."

ஒரு மணி நேரம். எதையும் பிய்க்காமல், தூக்காமல், காயவைக்காமல் இந்தக் கை இரண்டும் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். நாகஜோதி கேட்டது அவ்வளவுதான்.

பாசிப் பெண்கள் எட்டுப் பேர் கூட வருவதாகச் சொன்னார்கள். செய்தி அவரது கணவர் தர்மராஜ் காதுக்குப் போனது. அங்கிருந்து தர்மராஜின் அண்ணன் முனியசாமி காதுக்குப் போனது. முனியசாமிக்கு ஐம்பத்தைந்து வயது, சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர், தெருவில் எதற்கும் முன்னால் நிற்பவர். பெண்கள் மட்டும் மலைக்குப் போவதா என்று ஏழு ஆண்கள் கிளம்பிவிட்டார்கள். "பொம்பளைகளுக்கு ஒருநாள் ஓய்வு குடுப்போம்லே" என்று முனியசாமி பெருந்தன்மையோடு அறிவித்தார். அறிவித்த கையோடு வேனுக்குள் அண்டா, எரிவாயு அடுப்பு, சிலிண்டர், அரிசி மூட்டை, பருப்பு, காய்கறி எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னார். கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதாம். ஓய்வெடுக்கப் போகும் ஒன்பது பெண்களும் மலையில் உட்கார்ந்து பதினாறு பேருக்குப் பொங்கிப் போட வேண்டும். தமிழ்நாட்டின் எந்தச் சுற்றுலாத் தலத்துக்கும் போய்ப் பாருங்கள். அருவியில் ஆண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள், வேன் நிழலில் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஊரிலேயே உரித்திருக்கலாமே என்று யாரும் கேட்பதில்லை.

அதிகாலை மூன்று மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு முனியசாமி பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

"ஏலே, நிப்பாட்டு. ஞாயித்துக்கிழம மேக்கே சூலம். வெல்லம் தின்னுட்டுத்தான் கெளம்பணும்."

"சீனி இருக்கு அத்தான். எல்லாரும் ஒரு வாய் போட்டுக்கிருங்க, போவோம்" என்றார் நாகஜோதி.

"சீனிக்குச் சூலம் கேக்காது. வெல்லம்தான்."

அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? நாலரை மணிக்கு ஒரு டீக்கடைக்காரர் வந்து கதவைத் திறந்து, டப்பாவின் அடியில் கிடந்த வெல்லத்தைச் சுரண்டிக் கொடுத்தார். பதினாறு பேரும் ஆளுக்கு ஒரு துணுக்குத் தின்றார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். ஒன்றரை மணி நேரம் போனது. முனியசாமியின் படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது. ஆழத்தை அளக்கும் கருவி இருக்கிறது. கடலில் காற்று எப்போது திரும்பும் என்று கைப்பேசியைப் பார்த்துச் சொல்வார். மேற்கே ஈட்டி வைத்துக்கொண்டு யாரோ நிற்பதாகவும் வெல்லம் கொடுத்தால் விட்டுவிடுவதாகவும் நம்புகிறவரும் அவரேதான்.

வழியில் மூன்று கோயில்கள். மூன்றும் நாகஜோதியின் திட்டத்தில் இல்லாதவை, முனியசாமி சேர்த்தவை. கோயிலுக்குப் போவதால், பெட்டியில் வைத்திருந்த வறுத்த மீனைக் கிளம்பும் முன்பே தெருவில் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில்தான் சாம்பார். பத்து மணிக்குச் சேர வேண்டிய வேன் வெள்ளிக்கானலை அடையும்போது மணி ஒன்றரை.

ஊர் அழகாகத்தான் இருந்தது. சுவர்களில் மீனும் பறவையும் வரைந்திருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் யாரோ கித்தார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி வேகும் வாசனை தெரு முழுக்க வந்தது. முனியசாமி சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டு, கடைத்தெருவுக்குக் கீழே இருந்த திறந்தவெளியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஆண்கள் ஜமுக்காளத்தை விரித்துச் சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள். பெண்கள் அண்டாவை இறக்கினார்கள்.

பாம்பனில் அரை மணி நேரத்தில் குழைகிற துவரம்பருப்பு அங்கே குழையவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆவி பறக்கிறது, பருப்பு மட்டும் போட்டது போட்டபடி கிடக்கிறது. கரண்டி பிடித்திருந்தவள் துர்காதேவி. முனியசாமியின் மருமகள், கல்யாணமாகி எட்டு மாதம். மணி இரண்டே முக்காலுக்கு ஒரு பருப்பை நசுக்கிப் பார்த்து, "சின்னத்தை, இது கல்லுமாதிரி கெடக்கு" என்று நாகஜோதியிடம் காட்டினாள்.

சீட்டாட்டத்திலிருந்து முனியசாமி எழுந்து வந்தார். பசி.

"ஒரு மணி நேரமா என்னத்தத்தான் செய்யிறிய?"

"வேக மாட்டேங்குது மாமா."

அவர் அண்டாவைப் பார்த்தார். பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு திரும்பித் தம்பியைக் கூப்பிட்டார்.

"ஏலே தர்மராஜு, இங்கன வா. எவளோ ஒருத்தி தீட்டோட வந்திருக்காடா. மூணு கோயில் ஏறி எறங்கியிருக்கோம். அதான் சாமி அடுப்புல காட்டுது." அவர் பார்வை மருமகள் மேல் நின்றது. "ஏம்மா, நீ வேன்ல வயித்தப் பிடிச்சுக்கிட்டு வந்தேல்ல?"

"அது வளைவுல வாந்தி வந்துச்சு மாமா" என்றாள் துர்காதேவி. கண் கலங்கிவிட்டது. மாமனார் மற்ற ஆறு ஆண்களுக்கு முன்னால் நின்று கேட்கிற கேள்வியா அது?

நாகஜோதி குறுக்கே வந்தார்.

"அத்தான், வண்டி மலை ஏறையில ஒங்களுக்குக் காது அடைச்சு டப்புன்னு விட்டுச்சா இல்லையா?"

"விட்டுச்சு. அதுக்கென்ன இப்ப?"

"நான் கடலுக்குள்ள எறங்கையிலயும் காது அடைக்கும். மேல உள்ள தண்ணி அமுக்குறது. கரையில காத்து அமுக்குது. இவ்வளவு ஒசரத்துல அந்த அமுக்கு கொறஞ்சு போச்சு. அமுக்கு கொறஞ்சா தண்ணி சட்டுனு கொதிச்சுரும், ஆனா சூடு பத்தாது. குக்கர்ல ஏன் சீக்கிரம் வேகுது? உள்ள அமுக்கு கூட. இங்கன அதுக்கு நேர்மாறு. இன்னொரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். இதுல சாமியும் இல்ல, தீட்டும் இல்ல."

மகள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தபோது, பாசியைக் காயப்போட்டுக்கொண்டே கேட்டது இது. கேட்டதைத் தன் காதோடும் மூச்சோடும் ஒப்பிட்டுப் பார்த்து உண்மை என்று தெரிந்துகொண்டவர். எந்த வகுப்பறையிலும் இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது.

முனியசாமி சிரித்தார். "பாசி பொறுக்குறவ கொதிக்கிற தண்ணிக்குப் பாடம் எடுக்க வந்துட்டா. கேட்டியாலே தர்மராஜு?"

ஜமுக்காளத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். தர்மராஜ் தரையைப் பார்த்தார். முனியசாமி மறுபடியும் மருமகள் பக்கம் திரும்பி, "உண்மையச் சொல்லிரும்மா, பரிகாரம் பண்ணிருவோம்" என்று ஆரம்பித்தார். மணி மூன்று ஆகிவிட்டது. மேலே மாஷிதாவின் கூடத்தில் சக்கரம் காலியாக இருக்கிறது.

"அவ இல்ல அத்தான். எனக்குத்தான்" என்றார் நாகஜோதி.

எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். நிஜமாகவே போனார்கள்.

"நீயா? இம்புட்டு நேரம் அண்டாவத் தொட்டேல்ல?"

"தொட்டேன். தண்ணி ஊத்தினதே நான்தான். இனிமே தொடக் கூடாதுல்ல?"

"தொடாத, தொடாத! தள்ளிப் போ."

நாகஜோதிக்குக் கர்ப்பப்பையை எடுத்து நான்கு வருடம் ஆகிறது. அப்போது ஆஸ்பத்திரி நடையில் பதினோரு நாள் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர் தர்மராஜ். அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். மனைவியும் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துபோகும். தர்மராஜ் துர்காதேவியின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"சரி, போ" என்றார்.

காற்று அமுக்குவதைப் பற்றி மனைவி சொன்னபோது இந்த மனிதர் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பொய்க்குத் துணை நிற்க முடிந்தவருக்கு உண்மைக்குத் துணை நிற்க அண்ணன் பயம்.

துர்காதேவி மூக்கை உறிஞ்சினாள். "எனக்கும்தான் மாமா" என்றாள்.

"எனக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அறுபதைத் தொட்ட நாகலெட்சுமி இடுப்பில் கை வைத்து எழுந்து, "எனக்கும்தான்யா. இன்னைக்குத்தான் திரும்ப வந்துச்சு" என்றார்.

யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பேச்சைப் பேச வேண்டியிருக்கும். பெண்ணைச் சபையில் நிறுத்தி விசாரிக்கக் கூசாதவர்கள், அதைப் பற்றித் தாங்கள் வாயால் பேசக் கூசினார்கள். ஒன்பது பெண்களும் மேடேறிப் போனார்கள். ஏழு ஆண்கள் அண்டாவைச் சுற்றி நின்றார்கள்.

பொய் சொல்லி ஜெயித்ததில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நம்பிக்கையை உடைக்காமல் அதன் மேலேயே ஏறிப் போனால், நாளைக்கு அது இன்னொரு துர்காதேவியின் கழுத்தை நெரிக்கும் என்று பிறகொரு நாள் நாகஜோதியிடமே சொன்னேன். "நெசத்தத்தான் மொதல்ல சொன்னேன். யாரு கேட்டா? எனக்கு மூணு மணிக்கு நேரம் குடுத்திருந்தாக" என்றார்.  நான் கோபப்பட வேண்டிய ஆள் அவரில்லை.

கூடத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்று இருபது.

"பாம்பன் அக்காவா? ஆளக் காணோமேன்னு பாத்தேன்" என்றார் மாஷிதா. "நாப்பது நிமிசம்தான் இருக்கு. உக்காருங்க."

மற்றவர்கள் அங்கே சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்க்கப் போனார்கள். நீல நிறமாக ஒரு பெரிய படத்தின் முன்னால் நாகலெட்சுமி நின்றார்.

"இது கடலாம்டி துர்கா."

"எந்தப் பக்கத்துக் கடலு? ஒரு தூசி தும்பு இல்லாம இருக்கு."

"எறங்காதவன் வரைஞ்சிருப்பான்."

நாகஜோதி சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தார். மாஷிதா ஒரு உருண்டை மண்ணை நடுவில் அடித்து வைத்து, அவர் கைகளை எடுத்து அதன் மேல் வைத்தார். சக்கரம் சுழன்றது. நாகஜோதியின் விரல்கள் பழக்கத்தில் மடங்கி மண்ணைப் பிடுங்கின. ஒரு கவளம் கையோடு வந்துவிட்டது.

"இழுக்காதீங்க அக்கா. சும்மா பிடிச்சுக்கிட்டு மட்டும் இருங்க. அதுவா வரும்."

"சும்மா இருக்கிறது பழக்கமில்ல தாயி."

இரண்டாவது உருண்டையும் போனது. மூன்றாவதில் கை பிடிபட்டது. மண் நடுங்குவது நின்று, விரல்களுக்கிடையில் மெல்ல எழுந்து வந்தது. நடுவில் கட்டைவிரலை வைத்தார். குழி விழுந்தது. சுவர் எழும்பியது. ஒரு சாண் உயரம் வந்திருக்கும். அவர் மூச்சு விடவில்லை, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல.

கைப்பேசி அடித்தது. மாஷிதா எடுத்து அவர் காதோரம் பிடித்தார். தர்மராஜ்.

"ஜோதி, பருப்பு இன்னும் வேகலடி. அண்ணன் ரெண்டு தேங்கா ஒடச்சுப் பாத்துட்டாரு. என்ன செய்ய?"

"தட்டப் போட்டு மூடி மேல கல்லத் தூக்கி வைங்க. கனமா வைங்க. ஆவி கொஞ்சமாத்தான் வெளிய வரணும்."

"அப்ப நீ சொன்ன அந்த அமுக்குதானா?" குரலைத் தணித்துக் கேட்டார். பக்கத்தில் அண்ணன் இருக்க வேண்டும்.

"அதான்."

"நீ எப்ப வாரே?"

"நாலு மணிக்கு."

"அண்ணன்கிட்ட என்ன சொல்லட்டும்? கல்லு வைக்கச் சொன்னது நீதான்னு சொன்னா வைக்க விட மாட்டாரு."

"ஏதாவது சொல்லிக்கிருங்க. எனக்கு வேலை இருக்கு."

மாஷிதா கைப்பேசியைக் கீழே வைத்தார். இரண்டு நிமிடப் பேச்சில் நாகஜோதியின் கை அசைந்திருந்தது. எழும்பிய சுவர் ஒரு பக்கம் மடிந்து, சக்கரத்தின் மேலேயே சுருண்டு விழுந்தது. ஒரு மணி நேரம் கேட்டவருக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். அதிலும் இரண்டு நிமிடம் பருப்புக்குப் போனது.

"அய்யோ அக்கா" என்றார் மாஷிதா.

நாகஜோதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்திரண்டு. கைப்பேசியை அணைத்து வைக்கச் சொன்னார். விழுந்த மண்ணை இரண்டு கையாலும் திரட்டி உருட்டி, நடுவில் அடித்து வைத்தார்.

"சுத்தி விடு தாயி" என்றார்.